பஹ்ரைனுக்குக் குடும்பத்தோடு ஐந்து நாள்: எப்போது போவது, எதைப் பார்ப்பது?

நொய்யற்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பஹ்ரைனின் தலைநகரான மனாமாவில் ஓராண்டாகப் பணிபுரிகிறான். அவனைப் பார்ப்பதையும் ஊர் சுற்றுவதையும் ஒரே செலவில் முடித்துக்கொள்ளலாம் என்று அப்பா, அம்மா, மனைவி, ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகியோருடன் வரும் மே மாத விடுமுறையில் பஹ்ரைன் செல்ல எண்ணியிருக்கிறேன். தம்பி நான்கு நண்பர்களோடு ஓர் அறையில் இருப்பதால் நாங்கள் விடுதியில்தான் தங்க வேண்டும். அவனுக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே விடுமுறை.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மூட்டுவலி இருப்பதால் நெடுந்தூரம் நடக்க மாட்டார். அம்மா சைவ உணவு மட்டுமே உண்பார். எங்கள் ஊர்ப் பயண முகவரோ, "பஹ்ரைனில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு நாள் போதும், மீதி நான்கு நாளைத் துபாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அங்கே வாழ்ந்தவர்கள், சென்று வந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாடிவீட்டு மனாமா எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பதின்மூன்று ஆண்டுகள் மனாமாவில் குடும்பத்துடன் இருந்து, அண்மையில் ஊர் திரும்பியவன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள்: மே மாதத்தைக் கைவிடுங்கள். மே மாதப் பிற்பகலில் வெப்பம் நாற்பது டிகிரியை நெருங்கிவிடும். சூன் தொடங்கினால் வெயிலும் கடலின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால், விடுதி வாசலைத் தாண்டியவுடன் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மறைந்துவிடும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்து முகத்தைக் காட்டியது போலிருக்கும். மூட்டுவலி உள்ள பெரியவரை அந்த வெயிலில் கோட்டைக்கு அழைத்துச் சென்றால், அவர் வண்டியை விட்டே இறங்க மாட்டார்.

திசம்பர் கடைசி வாரம், அதாவது அரையாண்டுத் தேர்வு விடுமுறை, உங்களுக்கு மிகவும் பொருத்தமானது. பகலில் இருபது டிகிரியை ஒட்டியிருக்கும். இரவில் பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும். வடமேற்கிலிருந்து 'ஷமால்' என்ற காற்று வீசும் நாள்களில் மணலும் குளிரும் சேர்ந்து வரும். மழை அரிது, ஆண்டு முழுவதற்கும் எண்பது மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். ஆனால் மழைநீர் வடிகால் போதாத தெருக்களில் அந்தச் சிறு மழைக்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பொங்கல் விடுமுறையும் நல்ல காலமே. 2027இல் ரமலான் மாதம் பிப்ரவரி முற்பகுதியிலேயே தொடங்கிவிடும் என்பதால் அதற்குமேல் தள்ளிப் போடாதீர்கள். நோன்புப் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூட அருந்த முடியாது. சிறுமியும் பெரியவர்களும் உள்ள பயணத்துக்கு அது சரிப்படாது.

அடுத்தது, கிழமை. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலையிலிருந்து சவுதி அரேபியாவின் கார்கள் பாலத்தின் வழியே அணி அணியாக வந்து இறங்கும். விடுதி வாடகை ஏறும். கடைத்தெருவும் உணவகங்களும் நிரம்பி வழியும். எனவே ஞாயிறு இறங்கி வெள்ளி இரவு திரும்புவதாக அமைத்துக்கொண்டால் அமைதியான நாள்கள் உங்களுக்குக் கிடைக்கும், தம்பியின் விடுமுறையும் கைநழுவாது. சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு.

முகவர் சொன்னதைப் பற்றி ஒரு சொல். பஹ்ரைனைக் குட்டித் துபாய் என்று நினைத்துப் போகிறவருக்கு ஒரு நாளே அதிகம். சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல இரு மடங்குகூட வராத நாடு அது. ஆனால் அங்கே பார்க்க வேண்டியவை பழையவை. அவற்றைப் பெயர்ப் பலகையோடு படம் எடுத்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் விளங்காது.

தொல்லியல் வாசகன் எழுதியது:

அப்பா வரலாற்று ஆசிரியர் என்று நீங்கள் எழுதியதால்தான் இதை எழுதுகிறேன். அவருக்குத் தில்முன் என்ற பெயர் தெரிந்திருக்கும். பண்டைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்களின் களிமண் ஏடுகளில் நோயும் முதுமையும் இல்லாத தூய நாடாகவும், செம்பும் மரமும் வந்து சேரும் வணிகத் துறையாகவும் குறிக்கப்படும் தில்முன்னின் தலைமையிடம் இந்தத் தீவுதான் என்பதை, 1950களில் டென்மார்க்கிலிருந்து வந்து அகழ்ந்த பி. வி. குளோபும் ஜெஃப்ரி பிப்பியும் உறுதிப்படுத்தினார்கள். அவர்கள் தோண்டிய மேடுதான் 'கல்அத் அல்-பஹ்ரைன்', அதாவது பஹ்ரைன் கோட்டை. மேலே தெரிவது போர்த்துக்கீசியர் காலத்துக் கோட்டை. அதன் கீழே கி.மு. 2300 வாக்கில் தொடங்கி மக்கள் அடுக்கடுக்காக வாழ்ந்த எச்சங்கள் கிடக்கின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்நாட்டின் முதல் இடம் இதுவே.

நமக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. சிந்துவெளியைச் சேர்ந்த முத்திரையும் எடைக்கற்களும் இந்த மேட்டில் கிடைத்திருக்கின்றன. சுமேரியரின் 'ஊர்' என்ற பெயருடைய நகரத்து ஏடுகள் 'தில்முன் நிறை' என்று சொல்லும் அளவு சிந்துவெளியின் எடை அளவோடு பொருந்துகிறது. மறுபக்கம், குசராத்தின் லோத்தலில் பாரசீக வளைகுடா வகையைச் சேர்ந்த வட்ட முத்திரை கிடைத்தது. இரு துறைகளுக்கும் இடையே ஒரே தராசு புழங்கியதை வகுப்பறையில் பாடமாகச் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர், அந்தக் கற்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம் தகும்.

வரிசையைப் பற்றி என் கருத்து: முதல் நாள் மனாமாவில் உள்ள தேசிய அருங்காட்சியகம். 1988இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்துக்குள் ஒரு புதைமேட்டையே வெட்டி வைத்தது போலக் காட்டியிருக்கிறார்கள். கால்களை மடக்கிக் கிடத்திப் புதைத்த எலும்புக்கூடு எப்படிக் கிடந்தது என்பது அங்கே விளங்கும். அதைப் பார்த்த பிறகே அஆலி என்ற ஊருக்குச் செல்லுங்கள். அங்கே வீடுகளுக்கும் மட்பாண்டச் சூளைகளுக்கும் நடுவே இரண்டு மாடி உயரத்துக்கும் மேலான மண்மேடுகள் நிற்கும். கி.மு. 2200க்கும் 1750க்கும் இடையே எழுப்பப்பட்ட இத்தகைய புதைமேடுகளில் 11,774 மேடுகள் 2019இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அருங்காட்சியகத்தைப் பாராமல் நேரே அஆலிக்குப் போனால், உங்கள் மகளுக்கு அது கட்டுமானத்துக்குக் கொட்டிவைத்த மண்குவியலாகத்தான் தெரியும். என் மகன் அப்படித்தான் கேட்டான்.

கோட்டைக்கு மாலை நான்கு மணிக்குச் செல்லுங்கள். பாதை பெரும்பாலும் சமதளம். அருகிலுள்ள சிறு அருங்காட்சியகத்தின் கடல் பார்த்த தேநீரகத்தில் அப்பா அமர்ந்திருக்கலாம், மற்றவர்கள் மேட்டைச் சுற்றி வரலாம்.

பாலம் கடப்பவர் எழுதியது:

மேலே உள்ள இருவரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நான் சவுதியின் தம்மாமில் வேலை பார்க்கிறேன். சவுதியையும் பஹ்ரைனையும் இணைக்க 1986இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபகத் கடற்பாலம் இருபத்தைந்து கிலோமீட்டர். காலியாக இருந்தால் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். நாங்கள் சென்ற வியாழன் இரவில் நடுத்தீவிலுள்ள குடிநுழைவுச் சாவடியில் மட்டும் மூன்றரை மணி நேரம் நின்றோம். கைக்குழந்தை அழுது ஓய்ந்து உறங்கியே போய்விட்டது. மறுநாள் 'வாழ்வின் மரம்' பார்க்க வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தியதால் பாலைவனத்தில் நெடுந்தூரம் ஓட்டிச் சென்று பார்த்தால், வேலியிட்ட மேட்டின் மேல் ஒரு மரம் நின்றது, அவ்வளவுதான். அதைச் சுற்றி எண்ணெய்க் குழாய்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பினோம். ஐந்து நாள் என்பது என் கணக்கில் மிகை; மூன்று நாள் போதும்.

வன்னிநிழல் எழுதியது:

பாலம் கடப்பவர் அவர்களே, உங்கள் சலிப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்தது என்ன மரம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம் பத்து நிமிடமாகவாவது ஆகியிருக்கும். அது வன்னி மரம். நம் சிவன் கோயில்கள் பலவற்றில் தலமரமாக நிற்கிற, விசயதசமியன்று அம்பு போடும் சடங்கில் வைக்கிற அதே வன்னி. நான் தாவரவியல் படிப்பிக்கிறவள். பட்டையின் நெடுவெடிப்பையும் சிறகு போன்ற இலையையும் கண்டவுடன், கைப்பேசியில் ஊர்க் கோயில் மரத்தின் படத்தை எடுத்து அருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்த மரம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமே இருக்கும். கிளைகள் தரையைத் தொட்டுப் படர்ந்து மறுபடி எழுவதால் ஒரு சிறு தோப்பு போலத் தோன்றும். பக்கத்தில் ஊற்றும் இல்லை, ஓடையும் இல்லை. வன்னியின் வேர் மிக ஆழமாக இறங்கக்கூடியது என்பதே அறிவியல் தரும் முதன்மையான விளக்கம். மரத்தின் மேல் பெயர் செதுக்கியவர்களின் தழும்புகளும் இருக்கின்றன. வேலி அதனால்தான் வந்தது.

நொய்யற்கரையான் அவர்களே, உங்கள் அம்மாவுக்கு அது வன்னி என்பதைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். பேருந்து அங்கே போகாது. வாடகைக் காரைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ள வேண்டும். அதே வழியில் சிறிது தொலைவில் புகைமலை என்று பொருள்படும் ஜபல் துகான் இருக்கிறது. நாட்டின் மிக உயரமான இடமே 134 மீட்டர்தான். அதன் அடிவாரத்தில் 1932இல் எண்ணெய் பொங்கிய முதல் கிணறும் ஒரு சிறு எண்ணெய் அருங்காட்சியகமும் உள்ளன. வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலில் எண்ணெய் கிடைத்தது அங்கேதான். சவுதிக்கு அதன் பிறகு ஆறு ஆண்டுகள் ஆயின.

நொய்யற்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மே மாதத்தைக் கைவிட்டு, திசம்பர் கடைசி வாரம் என்று முடிவு செய்துவிட்டோம். வன்னி என்று சொன்னவுடன் அம்மா, "அப்படியென்றால் ஒரு முழம் பூ எடுத்து வைத்துக்கொள்" என்கிறார்; வேலிக்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. என் மனைவி தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர். பஹ்ரைனில் முத்து வாங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கோரிக்கை. எங்கே, எப்படி வாங்குவது?

சலாபத்துறை எழுதியது:

வணக்கம். நான் மன்னார்ப் பக்கத்தவன்; இப்பொழுது தோகாவில் இருக்கிறேன். முத்து என்றால் பேசாமல் இருக்க முடியவில்லை.

வாங்குவதற்கு முன் முஹர்ரக்குக்குப் போங்கள். விமான நிலையம் அமைந்திருக்கும் அந்தத் தீவுதான் பழைய தலைநகரம். கடலோரத்தில் உள்ள பூ மாகிர் கோட்டையிலிருந்து ஊருக்குள் மூன்றரைக் கிலோமீட்டர் தூரம் 'முத்துப் பாதை' போகிறது. குளியாளிகள் படகேறிய கரை, கப்பல் தலைவனின் வீடு, முத்து வணிகரான சியாதி குடும்பத்தின் மாளிகையும் பள்ளிவாசலும் என்று ஒரு தொழிலின் அடிமட்டத்திலிருந்து மேல்மட்டம் வரை எல்லோருடைய வாசல்களையும் அந்தப் பாதை தொட்டுச் செல்கிறது. மூன்று சிப்பிப் படுகைகளையும் இக்கட்டடங்களையும் சேர்த்தே 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்கள். சந்துகளில் வழி தவறாதிருக்க, உச்சியில் வெள்ளை உருண்டை பொருத்திய விளக்குக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள்; மாலையில் அவை எரியத் தொடங்கும்போது ஒவ்வொரு முத்தாகப் பொறுக்கிக்கொண்டு நடப்பது போலிருக்கும். முழுப் பாதையையும் அப்பா நடக்க வேண்டியதில்லை. சியாதி வளாகத்திலிருந்து பழைய கைசரிய்யா அங்காடி வரை நடந்தாலே போதும். அருகிலேயே முன்னாள் ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் அலியின் வீடு இருக்கிறது. அதன் காற்றுக் கோபுரத்தின் கீழே நின்றால் மின்விசிறி இல்லாமலே மேலிருந்து காற்று இறங்குவதை உணரலாம்.

நம் ஊர் முத்துக்குளிப்பை அறிந்தவருக்கு அங்குள்ள எதுவும் புதிதல்ல. மூக்கை இறுக்கும் கவ்வி, காலில் கட்டும் கல், மேலே கயிறு பிடிப்பவன், முன்பணம் வாங்கிக் கடனில் மூழ்கும் குளியாளி: எல்லாம் இரண்டு கடலுக்கும் பொது. மன்னார்ச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாளிகள் வந்துபோன காலமும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், நம்மிடம் சுறாவை மந்திரத்தால் வாய்கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்பவர் இருந்தார். அவர்களிடம் பாட்டுக்காரர் இருந்தார். நான்கு மாதம் கரை காணாத படகில் 'நஹ்ஹாம்' எனப்படும் அவர் பாடுவதும், மற்றவர்கள் கையொலியும் பானைத் தாளமும் சேர்ப்பதும் ஃபிஜிரி என்னும் கலை. 2021இல் அதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நீங்கள் இருக்கும் வாரத்தில் முஹர்ரக்கில் ஃபிஜிரி நிகழ்ச்சி இருந்தால் மற்ற எதையாவது விட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

இன்னொன்று: 'பஹ்ரைன்' என்றால் இரு கடல். உப்புக் கடலின் அடியில் நன்னீர் ஊற்றுகள் பொங்கியதால் அப்பெயர் வந்தது என்பார்கள். படகுக்காரர்கள் தோற்பையோடு மூழ்கி, அந்த ஊற்றுகளின் வாயில் குடிநீர் நிரப்பிக்கொண்டு எழுவார்களாம். நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் ஊற்றுகள் அநேகமாக வற்றிவிட்டன. இன்று விடுதியில் நீங்கள் குளிப்பது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர்.

இனி வாங்குவது. ஜப்பானின் வளர்ப்பு முத்து 1930களில் இந்தத் தொழிலைச் சாய்த்ததால், வளர்ப்பு முத்தின் விற்பனையையே அந்நாடு தடை செய்தது. ஆகவே முத்து என்று சொல்லி விற்பது இயற்கை முத்தாகத்தான் இருக்க வேண்டும். இருந்தால் மலிவாக இருக்காது. நடைபாதையில் ஐந்து தினாருக்கு மாலை கிடைத்தால் அது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். 2017இல் தொடங்கப்பட்ட 'தானாத்' என்ற முத்து ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழைக் கேளுங்கள். முழு மாலை எல்லாம் நம் போன்றோருக்கு எட்டாது. ஒற்றை முத்து பதித்த தங்கத் தோடு என்று தொடங்குவது அறிவுடைமை.

மாடிவீட்டு மனாமா எழுதியது:

மீதமுள்ள நடைமுறைச் செய்திகளை ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

விசாவை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் அரசின் இணையதளத்தில் நேரடியாகவே முடியும். திரும்பும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எங்கள் மாமனாருக்கு ஒரு முகவர் வழியாக விண்ணப்பித்தபோது கடவுச்சீட்டு எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக இட்டுவிட்டார். விமான நிலைய முகப்பில் திருப்பி அனுப்பப்பட்டு, பயணச்சீட்டின் பணமும் போயிற்று. எனவே கையில் வந்த விசாவை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பணம் தினார், ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். 0.376 தினார் ஓர் அமெரிக்க டாலர் என்று நிலையாகக் கட்டிவைத்திருப்பதால் மதிப்பு ஏறி இறங்காது. நம் ரூபாய்க் கணக்கில்தான் நெஞ்சு பதறும். அப்பாவுக்குச் சொல்ல ஒரு செய்தி: 1965 வரை அங்கே புழங்கியது ரூபாய்தான், இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் அச்சிட்ட நோட்டுகள். பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்று மாற்றிக்கொடுத்தார்கள். பெரும்பாலான பொருள்களுக்கு இப்போது பத்து விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு.

அம்மாவின் உணவுக்குக் கவலை வேண்டாம். பாப் அல்-பஹ்ரைன் வளைவுக்குப் பின்னால் உள்ள பழைய அங்காடியில் கேரள, குசராத்தி, தமிழ் உணவகங்கள் அடுத்தடுத்து இருக்கும். அதே சந்துகளில்தான் சிந்துப் பகுதியின் தட்டாவிலிருந்து வந்த வணிகர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு முன் அமைத்த கிருஷ்ணர் கோயிலும் உள்ளது. விடுதியை அந்த அங்காடிக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டால் காலையில் கோயில், இட்லி இரண்டும் நடக்கும் தூரத்தில் முடியும். அசைவம் உண்பவர்கள் மச்பூஸைத் தவறவிடக் கூடாது. உலர்ந்த எலுமிச்சை போட்ட பிரியாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஹாமூர் என்பது நம் களவா, சாஃபி என்பது ஓரா. பலாலீத் என்ற காலைச் சிற்றுண்டியைப் பார்த்து உங்கள் மகள் குழம்பக்கூடும்: ஏலக்காய் மணக்கும் இனிப்புச் சேமியாவின் மேல் முட்டை அடையைப் போர்த்தித் தருவார்கள். எனக்குப் பழக இரண்டு ஆண்டு ஆயிற்று.

அல்-ஃபாத்திக் பெரிய பள்ளிவாசலுக்குப் பிற சமயத்தவரும் செல்லலாம். வெள்ளிக்கிழமை மட்டும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பெண்களுக்கு மேலங்கியும் முக்காடும் வாசலிலேயே தருவார்கள். வலிநிவாரணி மாத்திரைகளுக்கு மருத்துவரின் சீட்டை உடன் வையுங்கள். கசகசா கலந்த குருமாப் பொடி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். நம் சமையலறையில் சாதாரணமாகக் கிடக்கும் கசகசா வளைகுடா நாடுகள் பலவற்றில் போதைப்பொருள் கணக்கில் வந்துவிடும்.

நொய்யற்கரையான் எழுதியது:

மிக்க நன்றி. அப்பா தாளில் எழுதிவைத்திருக்கும் திட்டம் இது: ஞாயிறு மாலை இறங்கி அங்காடியில் உலாவுதல், திங்கள் அருங்காட்சியகமும் பள்ளிவாசலும், செவ்வாய் அஆலி, மாலையில் கோட்டை, புதன் முஹர்ரக், வியாழன் வன்னி மரமும் எண்ணெய்க் கிணறும். வெள்ளி முழுவதும் தம்பிக்கு. அவன் விரும்பும் இடத்துக்குச் செல்வோம். துபாயை எடுத்துவிட்டோம். கோட்டைக்கு மறுபடியும் ஒரு மாலை வேண்டும் என்று அப்பா இப்போதே கேட்கிறார். புதன் மாலையில் முஹர்ரக்கிலிருந்து கோட்டைக்குப் போக முடியுமா?

சலாபத்துறை எழுதியது:

தூரம் குறைவுதான், முடியும். ஆனால் புதன் மாலையில் முஹர்ரக்கின் விளக்குக் கம்பங்கள் எரிவதைப் பார்க்காமல் கிளம்பினால் உங்கள் மனைவியார் என்னைத்தான் ஏசுவார். கோட்டையை வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள். தம்பியும் அதைப் பார்த்திருக்க மாட்டார். அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் பார்த்ததே இல்லை.